59 யூரோவுக்கு ஒரு குடும்பப் பெயர்ச் சுருள்: வாங்கலாமா?

கண்ணாடிச் சட்டம் அருமை, உள்ளே எழுதியிருப்பது குப்பை. அவசரத்தில் இருப்பவர்களுக்கு இவ்வளவு போதும். மற்றவர்களுக்குக் கொஞ்சம் நீளமாகத்தான் போகும், ஏனென்றால் இந்தச் சுருளில் என்ன தப்பு என்று சொல்ல வேண்டுமானால் பிரெஞ்சுக்காரர்களின் மரப் பெயர்களைப் பற்றியும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பொருள் இதுதான். ஒரு பிரெஞ்சுக் குடும்பப் பெயரைக் கொடுத்தால் அதன் அர்த்தம், தோற்றம், 'குலச்சின்னம்' மூன்றையும் பழைய தோல் ஏடு போன்ற தாளில் அச்சடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு அனுப்புகிறார்கள். சட்டத்தோடு 59 யூரோ, தபால் செலவு தனி. கடை இணையத்தில் மட்டும்தான். பெயரைப் போடவில்லை, காரணம் இதே சரக்கை நாலைந்து பெயரில் நாலைந்து தளங்கள் விற்கின்றன, ஒன்றைத் திட்டி மற்றதைத் தப்பவிடுவானேன்.

நாங்கள் வாங்கியது எங்கள் சமையல்கட்டு ஷெஃப்புக்கு. ஓய்வு பெறுகிறார், எல்லோரும் காசு போட்டார்கள், கத்தி செட் வேண்டாம், அவரிடமே பத்து இருக்கிறது என்றார்கள், அப்புறம் யாரோ இந்தச் சுருளைக் காட்டினார்கள். அவர் குடும்பப் பெயர் லவெர்ஞ். (இந்தப் பெயரை எழுதுவதற்குத் தமிழ் 'ஞ்' கச்சிதமாக உட்காருகிறது. ஆங்கிலத்தில் இதைச் சொல்லவைத்தால் நாலு விதமாகக் கொல்லுவார்கள்.)

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். சொன்ன நாளில் வந்தது. பெட்டி உறுதி, மூலைகளுக்கு நுரை வைத்திருந்தார்கள், கண்ணாடியில் ஒரு கீறல் கிடையாது. சட்டம் உண்மையான மரம், பின்பக்கம் ஆணிக்கும் மேசைக்கும் இரண்டுக்கும் வசதி. இதுவரைக்கும் ஐந்துக்கு நாலரை கொடுக்கலாம்.

கிட்டே வைத்துப் பார்த்தால்தான் விஷயம் தெரிகிறது. ஓரங்களில் நெருப்பில் கருகியது போலத் தெரிவது அச்சு மைதான், விரலால் தடவினால் வழவழவென்று இருக்கிறது. அரக்கு முத்திரை பிளாஸ்டிக் ஒட்டி. கோணல் எழுத்தில் பெயரைப் பெரிதாகப் போட்டு, கீழே கேடயமும் இரண்டு சிங்கமும், அதற்கும் கீழே பன்னிரண்டு வரி. அந்தப் பன்னிரண்டு வரிக்குத்தான் நாம் காசு கொடுக்கிறோம். அதில் முதல் வரியே என்ன சொல்கிறது தெரியுமா? லவெர்ஞ் என்றால் 'ஒவெர்ஞ் பகுதியிலிருந்து வந்தவர்' என்கிறது.

ஒவெர்ஞ் என்பது பிரான்சின் நடுவில் எரிமலைகள் இருக்கும் மேட்டு நிலம். அந்தப் பெயர் ஜூலியஸ் சீசரை எதிர்த்து நின்ற அர்வெர்னி என்ற கோல் (ரோமர்களுக்கு முன் பிரான்சில் வாழ்ந்த மக்கள்) இனக்குழுவின் பெயரிலிருந்து வந்தது. நம்ம ஷெஃப்பின் பெயருக்கும் அதற்கும் ஓசையில் மட்டும்தான் உறவு. லவெர்ஞ் என்பது 'லா' என்ற சுட்டும் 'வெர்ஞ்' என்ற மரமும் ஒட்டிப்போன பெயர். ஆங்கிலத்தில் ஆல்டர் என்பார்களே, அந்த மரம். நம் ஊரில் வளராது, அதனால் தமிழில் பெயர் தேடி மெனக்கெட வேண்டாம். ஆற்றோரம், ஓடைக்கரை, சதுப்பு, இங்கேதான் நிற்கும். வேரில் இருக்கும் நுண்ணுயிர்களின் தயவில் காற்றிலிருந்தே நைட்ரஜனை எடுத்துக்கொள்வதால் மற்ற மரங்கள் தயங்குகிற சேற்றிலும் தாராளமாக வளரும். ஷெஃப்பின் அப்பா ஊர் பெரிகோர், அதாவது இன்றைய தோர்தோஞ் மாவட்டம். சுருளைப் படித்துவிட்டு அவர் கோபப்படவில்லை, "எங்க ஆட்கள் யாரும் ஒவெர்ஞ் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லையே" என்றார், அவ்வளவுதான். அப்புறம் அந்த மரத்தைப் பற்றி அவரே சொன்னார்: வெட்டும்போது உள்ளே வெளுப்பாக இருக்கும், காற்றுப் பட்டதும் கண்ணெதிரே சிவந்துகொண்டே போய் ஆரஞ்சு நிறமாகிவிடும், அந்த மரத்தில் செருப்பு செய்வார்கள், மரச்செருப்பு, சபோ. தண்ணீருக்குள்ளேயே கிடந்தால் அழுகாது என்பதால் பாலத்துக்கும் தண்ணீர் ஆலைக்கும் அடியில் முளையடிக்க இதைத்தான் தேடுவார்கள். காசு வாங்கிக்கொண்டு எழுதித் தந்த பன்னிரண்டு வரியில் இதில் ஒரு வார்த்தை கிடையாது.

மரத்தின் பெயர் ஒரு மனிதனுக்கு எப்படிப் போகும் என்பதும் அதில் இல்லை. அதிகம் ஒன்றுமில்லை, எளிய விஷயம்தான். பன்னிரண்டாம் நூற்றாண்டு வாக்கில் ஒரே ஊரில் நாலைந்து பியேர், ஆறேழு ஜான் என்று ஆகிப்போனதால், வெர்ஞ் மரங்களுக்குப் பக்கத்தில் இருக்கிற பியேர், கருமான் பியேர், குட்டை பியேர் என்று பிரித்துச் சொல்ல வேண்டி வந்தது. பெரும்பாலும் மரத்திலிருந்து நேராக ஆளுக்குப் போகாது, முதலில் இடத்துக்கு அந்தப் பெயர் வரும், இடத்திலிருந்து ஆளுக்கு வரும். 'லா வெர்ஞ்' என்ற பெயரில் லிமூசன், பெரிகோர் பக்கம் குக்கிராமங்களும் தனிப் பண்ணைகளும் ஏராளம். ஆகவே ஒரு லவெர்ஞ் குடும்பத்துக்கும் இன்னொரு லவெர்ஞ் குடும்பத்துக்கும் ரத்த உறவு இருக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை, வெவ்வேறு ஓடைக்கரைகளில் தனித்தனியாகப் பிறந்த ஒரே பெயர். 'லவெர்ஞ் குலம்' என்று ஒற்றைக் குலமாகச் சுருள் எழுதுகிறதே, அங்கேயே அடித்தளம் ஆட்டம் கண்டுவிடுகிறது.

இன்னும் சுவாரசியமான பகுதி பெயரின் வடிவம். பிரான்சில் ஒரு மரப் பெயரைப் பார்த்தால் பாதி நேரம் எந்தத் திசை ஆள் என்று சொல்லிவிடலாம். இதே ஆல்டர் மரத்துக்கு வடக்கே லத்தீன் வழி வந்த 'ஓல்ன்' என்ற சொல் நிலைத்தது, அதிலிருந்து லொனே, தெலொனே, தோனே. நடுப்பகுதியிலும் தெற்கிலும் அதற்கு முந்தைய கோல் மொழிச் சொல் சாகாமல் தங்கியது, அதிலிருந்து வெர்ஞ், லவெர்ஞ். கிழக்கே லியோன் பக்கம் அதுவே வெர்ன், வெர்னே, துவெர்னே. வடமேற்கு மூலையில் பேசும் பிரெத்தோன் மொழியும் கோல் போலக் கெல்ட் மொழிதான், அதில் அதே பழைய வேர் 'க்வெர்ன்' என்று இருக்கிறது, ஆகவே பிரெத்தாஞ்சில் லெ கெர்ன் என்ற குடும்பப் பெயர். லெ கெர்னும் லவெர்ஞும் ஒரே வேர், தெலொனே வேறு வேர், ஆனால் மூன்று பேரும் நிற்பது ஒரே மர நிழலில். இதில் 'ஏ' என்று முடிகிற பெயர்களைக் கவனியுங்கள். லத்தீனில் 'எத்தும்' என்ற ஒட்டு தோப்பைக் குறிக்கும், அது தேய்ந்து தேய்ந்து 'ஏ' ஆனது. பாரிஸில் இருக்கும் தமிழர்கள் ஆர்.இ.ஆர். பி ரயிலில் தினமும் ஓல்னே-சு-புவா போய் வருகிறார்களே, அந்த ஓல்னே இதே ஆல்டர் தோப்புதான். கொஞ்சம் தள்ளி விமான நிலையத்தை ஒட்டி இருக்கும் த்ரோம்ப்ளே, காற்றில்லாத நேரத்திலும் இலை நடுங்கும் ஆஸ்பென் மரத்தோப்பு.

த்ரோம்ப்ளே பெயருக்கு ஒரு தனிக் கதை உண்டு. நார்மண்டியை ஒட்டிய பெர்ஷ் பகுதியில் ராந்தொனே என்ற ஊரில் பிறந்த பியேர் த்ரோம்ப்ளே என்ற ஆள் 1647ல் கடல் தாண்டி இன்றைய கனடாவின் கியூபெக்குக்குப் போனார், 1657ல் ஒசான் அஷோன் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்தார், இன்று கியூபெக்கில் மிக அதிகமானோருக்கு இருக்கும் குடும்பப் பெயர் இந்த த்ரோம்ப்ளேதான், கிட்டத்தட்ட நூற்றில் ஒருவர். இந்த மாதிரி ஒரே ஆளிலிருந்து பரவிய பெயருக்கு 'குலம்' என்று எழுதினால் ஓரளவு ஒத்துக்கொள்ளலாம். லவெர்ஞுக்கு முடியாது.

ஓக் மரம் இன்னும் வேடிக்கை. பாரிஸ் பக்கத்தில் துஷேன், நார்மண்டி, பிக்கார்தியில் 'ஷ' போய் 'க' வந்து துகேன், கெனெல். லிமூசன், ஒவெர்ஞ் பக்கம் ஷசாஞ், அதற்கும் தெற்கே கசாஞ். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கோல் சொல். பதினேழாம் நூற்றாண்டின் பெரிய கடற்படைத் தளபதி ஆப்ரகாம் துகேன் நார்மண்டியின் தியேப் துறைமுகத்துக்காரர் என்று படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை, அந்தக் 'க'வே சொல்லிவிடுகிறதே. இந்த மாதிரி ஒரு வரைபடம் போட்டுக் கொடுத்திருந்தால் 59 என்ன, 80 யூரோ கேட்டாலும் தப்பில்லை என்றிருப்பேன்.

மரப் பெயர் கொண்ட ஒரு பெண்ணைப் பற்றியும் சொல்லாமல் போக மனமில்லை. மதாம் தெ லா ஃபயெத் என்ற நாவலாசிரியையைப் பற்றிப் பிரான்ஸ் பள்ளிக்கூடங்களில் சொல்லித்தருகிறார்களே, அவர் 1634ல் பாரிஸில் பிறந்தபோது மரி-மத்லேன் பியோஷ் தெ லா வெர்ஞ். 1655ல் ஒவெர்ஞ் நாட்டுப் பிரபு லா ஃபயெத்தைக் கட்டிக்கொண்டார். ஃபயெத் என்றால் சின்ன பீச் மரத்தோப்பு (பழம் தரும் பீச் இல்லை, ஆங்கிலத்தில் beech என்கிற காட்டு மரம்). ஆல்டரில் பிறந்து பீச்சில் வாழ்க்கைப்பட்டவர். அமெரிக்கச் சுதந்திரப் போரில் சண்டை போட்ட லஃபயெத்தும் அதே பெயர்தான். சுருளில் 'இந்தப் பெயர் கொண்ட பிரபலங்கள்' என்று ஒரு தலைப்பு இருக்கிறது, அதற்குக் கீழே இவர் இல்லை, யாருமே இல்லை, 'பல வீரர்கள், துறவிகள், வணிகர்கள்' என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். எந்தப் பெயருக்கும் பொருந்தும், தாராளமாக.

பெயரின் அர்த்தத்தை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்கினால் என்ன ஆகும் என்பதற்கு நாவலாசிரியர் ஜூல்ஸ் வெர்ன் உதாரணம். வெர்ன் என்றால் ஆல்டர், போலிஷ் மொழியிலும் ஆல்டருக்கு 'ஓல்' என்று தொடங்கும் ஒரு சொல் இருக்கிறது, ஆகவே அவர் உண்மையில் ஓல்ஷெவிச் என்ற போலந்து யூதர், பெயரைப் பிரெஞ்சுக்கு மொழிபெயர்த்துக்கொண்டார் என்று ஒரு கதை அவர் காலத்திலேயே கிளம்பி வெகுநாள் ஓடியது. அவர் நாந்தில் பிறந்தவர், அப்பா பிரொவான் ஊர்க்காரர், பதிவேடுகள் எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. அர்த்தம் பொருந்துகிறது என்பதற்காக வரலாறு பொருந்திவிடாது, பதிவேட்டைப் பார்க்க வேண்டும். இந்தச் சுருள் கடைக்காரர்கள் பார்ப்பதே இல்லை.

அடுத்தது கேடயம். பெயருக்கென்று குலச்சின்னம் பிரான்சில் கிடையாது, குறிப்பிட்ட குடும்பத்துக்குத்தான் உண்டு. அதே பெயர் கொண்ட வேறு குடும்பத்துக்கு அதைச் சுவரில் மாட்டிக்கொள்ள ஒரு தொடர்பும் இல்லை. அது மட்டுமில்லை, பழைய ஆவணத்தில் சின்னம் இருப்பதாலேயே பிரபு வம்சம் என்றும் ஆகாது. 1696ல் பதினான்காம் லூயி போருக்குக் காசில்லாமல் ஒரு ஆணை போட்டார்: சின்னம் வைத்திருப்பவர்கள் எல்லோரும் பதிவு செய்ய வேண்டும், தனி ஆளுக்குக் கட்டணம் 20 லிவ்ர் (அந்தக் காலத்து பிரெஞ்சு நாணயம்). வசூல் போதாமல், வசதியானவர்கள் என்று தெரிந்த வணிகர், மருத்துவர், பாதிரியார் தலையில் எல்லாம் அதிகாரிகளே ஒரு சின்னத்தை உண்டாக்கிக் கட்டினார்கள். துஷேன் என்றால் ஓக் மரம் வரை, முடிந்தது. ஒரு லட்சத்துக்கும் மேல் சின்னங்கள் அந்தப் பெரும் பதிவேட்டில் ஏறின. அதாவது அந்தச் சின்னங்களில் நிறைய, வரி ரசீதுகள். எங்கள் சுருளில் வந்த சிங்கங்களுக்கு அந்த மரியாதைகூட இருக்குமா என்பது சந்தேகம், ஏனென்றால் எங்கள் வேலையிடத்து நண்பரின் மனைவி துஷேன் என்ற பெயருக்கு வாங்கிய சுருளிலும் அதே இரண்டு சிங்கங்கள், அதே நிலையில் நிற்கின்றன. இரண்டு சுருளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். இரண்டாம் பத்தி எழுத்துக்கு எழுத்து ஒன்று: துணிச்சல், விசுவாசம், விருந்தோம்பல். வலது கீழ்மூலையில் பழுப்புக் கறைகூட ஒரே வடிவம். ஓக் மரத்துக்கும் ஆல்டருக்கும் அவர்கள் பார்க்கிற வித்தியாசம் அவ்வளவுதான்.

புதுச்சேரிக்காரர்கள் இந்தப் பக்கமே போக வேண்டாம் என்பேன். காரணம் இருக்கிறது. 1881 செப்டம்பர் 21 ஆணைப்படி பிரெஞ்சிந்தியாவில் தங்கள் மரபுவழிச் சட்டத்தை விட்டுக்கொடுத்துப் பிரெஞ்சுச் சட்டத்துக்கு மாறியவர்கள், ரெனோன்சான் என்போமே, அவர்கள் ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்தெடுத்துப் பதிய வேண்டியிருந்தது. அந்த இயக்கத்தை முன்னின்று நடத்திய பொன்னுத்தம்பி பிள்ளை லா போர்த் என்று வைத்துக்கொண்டார், வாசல் என்று பொருள். சிலர் தமிழ்ப் பெயரையே வைத்தார்கள், சிலர் முழுக்கப் பிரெஞ்சுப் பெயர் எடுத்தார்கள். அப்படி ஒரு வீட்டுப் பெயரை இந்தக் கடையில் கொடுத்துப் பாருங்கள், நார்மண்டிக் கோட்டை, சிலுவைப் போர், இரண்டு சிங்கம் எல்லாம் கிடைக்கும். 1848ல் அடிமைமுறை ஒழிந்தபோது குவாதெலூப், மார்த்தினிக் தீவுகளில் அதிகாரிகள் ஒரே மூச்சில் ஆயிரக்கணக்கானவர்களுக்குக் குடும்பப் பெயர் கொடுத்தார்கள், அவர்களுக்கும் இதே கதிதான்.

பூப் பெயர்களில் இன்னும் ஒரு பொறி. லஃப்ளர், லரோஸ், லவியோலெத் என்ற பெயர்களைப் பார்த்துத் தோட்டக்காரர் பரம்பரை என்று நினைத்துவிடக் கூடாது, பலமுறை அது ராணுவத்தில் சேரும்போது வைத்த பட்டப்பெயர். 1665ல் கியூபெக்குக்குப் போன காரிஞான்-சலியேர் படையில் இந்த மாதிரிப் பெயர்கள் கொட்டிக்கிடந்தன. மீசைக்கார சிப்பாய்க்கு 'ரோஜா' என்று பெயர் வைத்த குறும்பை நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது. மிளகு என்று பொருள்படும் புவாவ்ர் வேறு வகை, மிளகு விற்றவருக்கு வந்த பெயர். ஆனால் லியோனில் பிறந்த பியேர் புவாவ்ர் அந்தப் பெயருக்கு ஏற்பவே மொரீஷியஸில் நிர்வாகியாக இருந்து 1770ல் கிராம்பு, ஜாதிக்காய்க் கன்றுகளை டச்சுக்காரர் கண்ணில் மண்ணைத் தூவிக் கொண்டுவரச் செய்தார். பொருத்தம் சில நேரம் இப்படியும் அமையும்.

சரி, வாடிக்கையாளர் சேவை. ஒவெர்ஞ் தப்பு என்று ஆதாரத்தோடு எழுதினோம். 'பெயர்களின் தோற்றத்தைப் பற்றிப் பல கருத்துகள் உண்டு' என்று ஒரு வார்ப்பு பதில், கூடவே அடுத்த வாங்கலுக்கு 10 சதவீதத் தள்ளுபடி. திருத்தி அச்சடித்துத் தர முடியுமா என்று திரும்பக் கேட்டதற்குப் பதிலே இல்லை. பெயர் போட்டு அச்சடித்த பொருள் என்பதால் திருப்பி எடுக்கவும் மாட்டார்களாம். அதைத் தளத்தின் அடியில் எறும்பு அளவு எழுத்தில் போட்டிருக்கிறார்கள்.

காசில்லாமல் இதைவிட நன்றாகச் செய்யலாம் என்பதுதான் வயிற்றெரிச்சல். முதலில் ஜெனியானெட் என்ற வம்சாவளித் தளத்தில் பெயரைப் போடுங்கள், 1996லிருந்து இருக்கிறது, 2021ல் ஆன்செஸ்ட்ரி என்ற அமெரிக்க வம்சாவளி நிறுவனம் வாங்கிவிட்டது, ஆனாலும் பெயரின் தோற்றம் பார்க்கக் காசு கேட்பதில்லை. குறிப்பு சுருக்கமாக இருக்கும், சிங்கம் இருக்காது. அடுத்து ஜியோபத்ரோனிம், பிரெஞ்சுப் புள்ளிவிவர நிறுவனத்தின் கணக்கை வைத்து 1891 முதல் 1990 வரை அந்தப் பெயரில் பிறந்தவர்கள் எந்த மாவட்டத்தில் எத்தனை பேர் என்று 25 ஆண்டு 25 ஆண்டாகக் காட்டும். பழைய காலத்துப் பெட்டியில் உள்ள எண்கள் முக்கியம், பிறகு எல்லோரும் பாரிஸுக்கு வந்துவிட்டார்களே. மூன்றாவது பிரெஞ்சு அரசின் வரைபடத் தளம் cartes.gouv.fr (பழைய ஜியோபோர்த்தாயின் வாரிசு), அதில் 'லா வெர்ஞ்' என்று தேடினால் குக்கிராமம் குக்கிராமமாக வந்து விழும்.

உண்மையில் தோண்ட வேண்டுமானால் மாவட்ட ஆவணக் காப்பகங்கள்தான். 1539ல் வில்லெர்-கொத்ரே ஆணையில் ஞானஸ்நானப் பதிவேடு கட்டாயமானது, 1792 செப்டம்பரிலிருந்து அது பாதிரியார் கையை விட்டு நகராட்சிக்குப் போனது, இரண்டு வகையும் படம் பிடித்து இணையத்தில் போட்டிருக்கிறார்கள். பத்து வருடத்துக்கு ஒரு அகரவரிசைப் பட்டியல் உண்டு, அங்கே தொடங்கினால் தலைவலி குறையும். ஒரே குடும்பத்தை ஒரு பக்கத்தில் லவெர்ஞ் என்றும் அடுத்ததில் லவெர்ன் என்றும் எழுதியிருப்பார்கள், தென் பிரான்சின் ஒக்சித்தான் மொழி முறையில் என்-எச் போட்டு எழுதிய வடிவமும் வரும், உச்சரிப்பு அதேதான், பயப்பட வேண்டாம். 1877ல் குடும்பக் கையேடு (கல்யாணத்தின்போது நகராட்சி தரும் பதிவு ஏடு) வந்த பிறகுதான் எழுத்து ஒரு நிலைக்கு வந்தது. ஷெஃப்பின் தாத்தாவுக்குத் தாத்தா வரை இப்படிப் போனோம், அவர் பிறந்த ஊரின் நெப்போலியன் காலத்து நிலவரைபடத்தைத் திறந்தால் ஓடையை ஒட்டி 'லா வெர்ஞ்' என்று கையெழுத்தில் ஒரு நிலத்துண்டு. அதைத்தான் பெரிய தாளில் அச்செடுத்து அதே சட்டத்துக்குள் வைத்துக் கொடுத்தோம். சிங்கத் தாள் இப்போது அதற்குப் பின்னால் அட்டைக்குப் பதிலாக இருக்கிறது.

மதிப்பெண்: பெட்டியும் சட்டமும் நாலரை, தாள் இரண்டு, எழுத்து பூஜ்யம், சேவை அரை. அதே அளவு மரச்சட்டம் தச்சுச் சாமான் கடைகளில் 15, 20 யூரோவுக்குக் கிடைக்கும். வரைபடத்தை நகல் கடையில் அச்செடுக்கும்போது கொஞ்சம் தடித்த தாளாகக் கேட்டு வாங்குங்கள், மெல்லிய தாள் சட்டத்துக்குள் அலைஅலையாகச் சுருங்கிவிடும்.